தொப்பி போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பர்கர் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையை வாசிப்பதற்குள் வரிசையில் பின்னால் நிற்பவர் இடிக்க ஆரம்பித்துவிடுவார். உங்களுக்கும் எங்களை நினைவிருக்க வாய்ப்பில்லை. ஒரே நாளில் எத்தனை குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள்! ஆனாலும் எழுதுகிறேன். காரணம், போன வாரம் எங்கள் பழைய காரை விற்றோம். கொடுப்பதற்கு முன் சீட்டைத் தூக்கிச் சுத்தம் செய்தால், உங்கள் கடைச் சாமான்களாகவே வந்துகொண்டிருந்தன. பிரிக்காத கெச்சப் பொட்டலங்கள், ஸ்ட்ரா, ஒரு சக்கரம் இல்லாத பொம்மை லாரி, ஒரு கட்டு ரசீது. ரசீதில் ஓர் எழுத்துகூட இல்லை. சூடு பட்டால் கறுக்கிற பூச்சுத் தாள் அது, மை கிடையாது. நாளாக நாளாக வெளுத்துப் போகும். என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் எல்லாம் போய்விட்டது. அம்மா ஒரு வெற்றுத் தாளை எடுத்து, "இது நீ ட்ரேயைக் கொட்டின அன்னைக்கு வாங்கினது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிக்கிறார்.

சரி, அந்த ட்ரேயிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. நான்தான் தூக்கி வருவேன் என்று அடம்பிடித்து வாங்கியது. நான்கு பர்கர், இரண்டு பெரிய ஃப்ரைஸ், நான்கு கோலா. உயரமான டம்ளர் நான்கையும் ஒரே ஓரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பத்தாவது அடியில் தெரிந்துகொண்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆட்கள். மறுபடியும் வாங்க அப்பாவின் பையில் பணம் இருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. துடைப்பத்தோடு ஓடி வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போன வாரம் நான் இதைவிடப் பெரிய ட்ரேயைக் கீழே போட்டேன், தெரியுமா?" என்றார். பொய்யாகக்கூட இருக்கலாம். அதற்குள் உள்ளே யாரோ, நாங்கள் கேட்காமலே, நான்கு பர்கருக்கு அடுப்பில் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். அதற்குப் பணமும் வாங்கவில்லை.

எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது வேறொன்று. அம்மா தரையில் மண்டியிட்டு டிஷ்யூவால் ஐஸ் கட்டிகளை அள்ளத் தொடங்கிவிட்டார். பழக்க தோஷம். அந்த அக்கா அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பி, "விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். வீட்டில் எங்கள் மூவர் வாயிலிருந்தும் அதுவரை வராத வார்த்தை அது. வீட்டில் எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, ஆறியதை நின்றுகொண்டே சாப்பிடுகிறவர் அம்மா. உங்கள் கடையில்தான் அவர் எங்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்தார். சூடாகச் சாப்பிட்டார். என் ஃப்ரைஸைக்கூடத் திருடினார்.

இது தற்செயல் இல்லை என்று பின்னால் தெரிந்தது. 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடையைத் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையைச் சில மாதம் மூடி, எல்லாவற்றையும் மாற்றித் திறந்தார்கள். கார் காராகப் போய்ப் பரிமாறும் ஆட்களே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பட்டியலை ஒன்பதே வகையாகச் சுருக்கினார்கள். பீங்கான் தட்டும் கரண்டியும் போய்க் காகிதம் வந்தது. அரட்டைக்கு வரும் இளவட்டங்களுக்குப் பதிலாகக் குடும்பங்கள் வர வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கில் இருந்தது. அவர்களுக்கு அது வியாபாரம். எங்கள் வீட்டுக்கு, கழுவத் தட்டே இல்லாத ஒரு சாயங்காலம்.

அப்புறம், காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப் போகும் டிரைவ்-த்ரூ ஜன்னலில் இருந்த அண்ணன். அப்பா காலில் மாவுக்கட்டோடு இருந்த மூன்று மாதமும் அவரைக் காரிலிருந்து இறக்குவதே பெரும்பாடு. அம்மாதான் ஓட்டினார். மைக்கில் கேட்டது பாதி புரியாமல் அம்மா திணறினால், நீங்கள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து சொல்வீர்கள். மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ்-த்ரூ 1975இல் அரிசோனாவில், ராணுவ முகாமுக்குப் பக்கத்து ஊரில் வந்ததாம். பணிச் சீருடையில் பொது இடத்தில் காரைவிட்டு இறங்கக் கூடாது என்று அங்கே படைவீரர்களுக்கு விதி இருந்தது. இறங்க முடியாதவர்களுக்காக வந்த ஜன்னல் என்று தெரிந்ததும் அப்பா, "அப்போ எனக்கும் உரிமை இருக்கு" என்று காலைத் தட்டிக் காட்டினார்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வந்த பிறகும் விட்டோமா? உப்பு போடாத ஃப்ரைஸ் கேட்க ஆரம்பித்தோம். ஏற்கெனவே பொரித்துக் குவித்ததில் உப்பு விழுந்திருக்கும். எங்களுக்காகப் புதிதாக ஒரு கூடையை எண்ணெயில் இறக்கி, டைமர் அடிக்கும்வரை வரிசையை நிறுத்தி வைக்க வேண்டும். செய்தீர்கள். சுடச்சுடக் கிடைக்கும் என்பதற்காகவே இப்படிக் கேட்டு, மேசைக்கு வந்ததும் உப்பைத் தூவிக்கொள்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. என் தம்பியும் அதில் ஒருத்தன். மன்னிக்கவும்.

சைவப் பாட்டி வந்த அன்று, சொல்லாமலே பழைய கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டிக்கொண்டவருக்கும் நன்றி. பாட்டி அதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் சாப்பிட்டார். பெட்டிக்குள் எங்கள் இருவருக்கும் வேறு வேறு பொம்மை வந்து, கடையை இரண்டாக்கிய நாளில் உள்ளே போய் இன்னொரு லாரியைத் தேடி எடுத்து வந்தவருக்கும் நன்றி. குழந்தைகள் சாப்பாட்டோடு பொம்மை வைக்கும் ஹேப்பி மீல் 1979இல் வந்தது. வைத்தவர்களுக்கு அண்ணன் தம்பிச் சண்டை தெரியாது போலும்.

அதெல்லாம் உடம்புக்கு ஆகாது என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உப்பும் கொழுப்பும் அதிகம்தான். அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் காரில் எல்லோருமாக வந்தோம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா வழக்கம்போல டிஷ்யூவை எடுத்து மேசையைத் துடைக்கக் குனிந்தார். தம்பி அவர் கையிலிருந்து அதை வாங்கி, "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டு, அவன் தட்டில் மிச்சமிருந்த ஃப்ரைஸைத் தின்ன ஆரம்பித்தார்.

இப்படிக்கு,
ஜன்னலோர மேசைக் குடும்பம்

பி.கு.: சீட்டுக்கடியில் கிடைத்த கெச்சப் பொட்டலங்களை எண்ணினோம். இருபத்து மூன்று. நாங்கள் எடுத்தது அல்ல. இரண்டு கேட்டால் கை நிறைய அள்ளிப் போட்டது நீங்கள்தான்.