உதவி வாங்குவோம், பட்டியலை நாமே எழுதுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அனர்த்தம் வந்தால் வெளிநாட்டாரிடம் கையேந்தலாமா, கூடாதா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தில் இரு தரப்பாருமே கொழும்புத் துறைமுகத்தையும் கட்டுநாயக்க விமான நிலையச் சரக்கு முனையத்தையும் மறந்துவிட்டார்கள். உதவி முக்கியமாக நாட்டுக்குள் நுழைவது அந்த இரண்டு வாசல்களால்தான். பயனாகுமா, பாரமாகுமா என்பதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தன்மானப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். 2004 சுனாமியில் இந்தியா தனக்கு வெளிநாட்டு உதவி வேண்டாம் என்றது. அதே நாட்களில் நமக்குக் கப்பல் கப்பலாக உதவி அனுப்பியது. அந்த மறுப்புக்குப் பின்னால் பெரிய கடற்படையும் விமானப்படையும் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் இருந்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நம் நாடு அந்த நடையைப் பழகினால் இடுப்புத்தான் உடையும். அமெரிக்காவே 2005 இல் கத்ரினா புயலுக்குப் பிறகு பிறர் உதவியை ஏற்றது. இலங்கையும் 25,000 டொலர் கொடுத்தது. மறுத்தால் என்ன ஆகும் என்பதை 2008 மே மாதம் மியன்மார் காட்டியது. நர்கிஸ் புயலுக்குப் பின் இராணுவ ஆட்சி விசா கொடுக்காமல் இழுத்தடிக்க, நிவாரணப் பொருட்களோடு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிப் போயின.

ஆக, வாங்கத்தான் வேண்டும். எதை வாங்குவது? ஐ.நா. பொதுச்சபையின் 1991 ஆம் ஆண்டுத் தீர்மானம் 46/182, உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடும், கொள்கையளவில் அந்த நாடு விடுக்கும் வேண்டுகோளின் பேரிலும் வர வேண்டும் என்கிறது. இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது சர்வதேச அளவுகோல். ஆயிரம் பேர் தங்கிய பாடசாலைக்கு 15,000 லீற்றர், அதாவது 15 தொன். இதைப் போத்தலில் அனுப்பினால் இருபது அடிக் கொள்கலன் ஒன்று ஒரு நாளைக்குச் சற்று மேலே தாங்கும். பிறகு மிஞ்சுவது பிளாஸ்டிக் மலை. 70 வீதச் செறிவுள்ள குளோரின் தூள் ஒரு கிலோவோ, தெளிந்த நீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்தால், மூன்றரை இலட்சம் லீற்றரைச் சுத்தப்படுத்தும். அதே பாடசாலைக்கு மூன்று வாரத்துக்கு மேல் போதும். கலங்கல் நீரில் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது. சேறு குளோரினைத் தின்றுவிடும். முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்க வேண்டும், பிறகு குளோரின் கலந்து அரை மணி நேரம் விட்டு, எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டியவை தூள், படிகாரம், சோதனைப் பெட்டி, மடக்கி எடுத்துச் செல்லும் தண்ணீர்த் தாங்கி, பவுசர். ‘குடிநீர் அனுப்புங்கள்’ என்று பொதுப்படையாகச் சொன்னால் போத்தல்தான் வரும்.

நல்ல மனதோடு வந்த இயந்திரமும் கெடுதல் செய்யும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கடல்நீர் புகுந்த கிணறுகளை நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பம்ப் வைத்து இறைத்தன. அங்கே மணலுக்கு அடியில் உப்புநீருக்கு மேலே நன்னீர் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவு மீறி இறைக்க இறைக்கக் கீழே கிடந்த உப்பு மேலே ஏறியது. சில கிணறுகளின் பக்கச்சுவரும் சரிந்தது. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒரு தடவை மெதுவாக இறைத்துவிட்டு, மிச்சத்தை மழைக்கு விட்டிருக்க வேண்டும். ஆற்றுவெள்ளம் புகுந்த கிணற்றுக்கு வேறு முறை. சுற்றுநிலத்தில் நீர்மட்டம் இறங்கிய பிறகே இறைக்கலாம். அவசரப்பட்டால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் கிணற்று வளையத்தை உள்ளே தள்ளிவிடும். இதையெல்லாம் அறிந்தவர்கள் நம் நீர்வழங்கல் சபையிலேயே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பம்ப் வாங்கலாம். எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைப்பது என்ற தீர்மானத்தை நாமே எடுக்க வேண்டும்.

மருந்து விடயத்தில் இன்னும் கறாராக நிற்க வேண்டும். சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்குச் சுமார் 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி தேவையற்றது, உள்ளூர் ஊழியர்களால் வாசிக்க முடியாத மொழிகளில் லேபிள் ஒட்டியவையும் காலாவதியானவையும் அதில் கிடந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி தெளிவாகவே இருக்கிறது: வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிஞ்சியிருக்க வேண்டும், லேபிள் பெறும் நாட்டு மருத்துவர்களுக்குப் புரியும் மொழியில் பொதுப்பெயரோடு இருக்க வேண்டும், அந்த மருந்து அந்த நாடு அங்கீகரித்த மருந்துப் பட்டியலில் இருக்க வேண்டும். காலாவதியான மருந்தைக் குப்பையோடு கொட்டவும் முடியாது. உயர்வெப்ப உலைக்கு அனுப்பிப் பணம் கட்டி எரிக்க வேண்டும். இலவசம் என்று வாங்கியதற்கு நாமே செலவழிக்கிறோம்.

குழந்தைப் பால்மாவும் அப்படித்தான். 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, நன்கொடைப் பால்மா கிடைத்த குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. சுத்தமான தண்ணீரும் அடுப்பும் இல்லாத இடத்தில் போத்தல்பால் நஞ்சுதான். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு மட்டும் சுகாதார அதிகாரி எண்ணிக் கொடுக்கலாம். லொறியில் வைத்து வீசக் கூடாது.

மீட்புக் குழுக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மோப்பநாயோடும் கொங்கிரீட் வெட்டியோடும் வரும் குழுக்கள் இடிந்த கட்டடங்களுக்காகப் பயின்றவை. கொங்கிரீட்டுக்குக் கீழே காற்றிடைவெளி இருக்கும். மண்சரிவு நடந்த மீரியபெத்தவிலும் அரநாயக்கவிலும் மக்களை மூடியது ஈரமண். அங்கே முதல் சில மணி நேரத்துக்குள் அயலவர் தோண்டி எடுத்தால்தான் உயிர். தொலைநாட்டுக் குழு இரண்டாம் மூன்றாம் நாள் வந்து இறங்கினால் அதற்கும் சாப்பாடு, வாகனம், மொழிபெயர்ப்பாளர் நாமே கொடுக்க வேண்டும். மாறாக, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600 பேருக்கு மேல் பலிகொண்டு மலையகப் பாதைகளை அறுத்தெறிந்த பிறகு இந்தியாவிலிருந்து வந்த பெய்லி பாலங்களைப் பாருங்கள். ஆறு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய எஃகுச் சட்டங்கள்; கிரேன் ஏற முடியாத இடத்திலும் பூட்டலாம். பொருத்தும் பொறியியலாளர்களும் கூடவே வந்தார்கள். இப்படிப்பட்ட உதவியைத்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பணமாக வந்தால் மேல், உலர் உணவு இங்கேயே கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் ‘உதவி’ என்ற தலைப்புச் செய்திக்குள் நன்கொடையும் சலுகைக் கடனும் ஒன்றாக ஒளிந்திருக்கும். 2005 இல் கடன் கொடுத்த நாடுகளின் கூட்டான பாரிஸ் கழகம் நமக்குத் தந்த சலுகை தவணையைத் தள்ளிவைத்ததே தவிர, கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. ஒவ்வோர் அறிவிப்பிலும் எது நன்கொடை, எது கடன், வட்டி என்ன என்பதை நிதியமைச்சு தனித்தனியே அச்சிட வேண்டும்.

குறை நம் பக்கமும் உண்டு. சுனாமிக்குப் பிறகு ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் கொண்டுவந்த 25 வாகனங்களுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டொலர் சுங்கவரி கட்டவைத்தோம். கத்ரினாவில் பிரிட்டன் அனுப்பிய உணவுப்பொதிகளை மாட்டிறைச்சித் தடையைக் காட்டி அமெரிக்கா களஞ்சியத்தில் போட்டது போன்ற கூத்துத்தான் இதுவும். வரிவிலக்குக் கடிதம் எழுதுவது யார், மருந்துக்கு அனுமதி தருவது யார், எத்தனை மணி நேரத்தில் என்பதை 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். வேண்டியவை ஒரு தாள், வேண்டாதவை ஒரு தாள். பழைய உடை இரண்டாவது தாளில் முதல் வரியாக இருக்கட்டும். தூதரகங்களுக்கும் வெளிநாட்டில் வாழும் நம்மவர் சங்கங்களுக்கும் இரு தாள்களும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போக வேண்டும். குளோரின் பொதியின் உள்ளே இருக்கும் அறிவுறுத்தல் தமிழிலும் இருக்க வேண்டும். தோட்டத்து லயன் அறைகளில் இருப்போர் பலருக்குக் காணி உறுதி கிடையாது. உறுதி கேட்டுப் பெயரெழுதும் நிவாரணப் பட்டியல் அவர்களைத் தவறவிடும் என்பதையும் அதே தாளில் குறித்துவைக்கலாம்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. அந்த இரண்டு தாள்களும் ஏப்ரலிலேயே துறைமுகச் சுங்கத்திலும் கட்டுநாயக்கவிலும் இரவுப் பணியில் இருக்கும் அதிகாரியின் மேசைக்கு எட்டியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.