ஓடைக் கரையை வழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து மூக்கனேரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைகளில் ஒன்று, கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிறது. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருக்காரர்களும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் அதில் இறங்கி வேலை செய்கிறோம். முதல் மாதம் முழுக்கக் குப்பைதான். பழைய மெத்தை, தெர்மாகோல், மூட்டை மூட்டையாகக் கட்டடக் கழிவு. பிறகு மாணவர்கள் கரையில் வெட்டிவேர் ஊன்றினார்கள்; மேட்டில் புங்கன், நீர்மருதுக் கன்றுகள் வைத்தார்கள். கோடையில் குடம் சுமந்து ஊற்றியதும் அவர்களே. தும்பிகள் திரும்பி வந்தன. ஒரு மாணவி மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

போன புரட்டாசியில் தூர்வாரும் இயந்திரம் வந்தது. ஒரே காலையில் இரு கரைகளையும் வழித்து, செடிகளை மண்ணோடு அள்ளிப் போட்டுவிட்டுப் போனது.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே பெய்யும் மழை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது அடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த வேகத்தைத் தணிப்பது கரையின் வேர்கள்தான். ஐப்பசி மழையில் வெறுங்கரை பொலபொலவென்று சரிந்தது. செம்மண் தண்ணீர் அப்படியே ஏரிக்குப் போனது. 2010இல் ஊர் மக்கள் கூடித் தூர்வாரி, அள்ளிய மண்ணைத் திட்டுகளாக்கி மரம் வளர்த்த ஏரி அது. அதை நாமே மறுபடி மேடாக்கலாமா?

தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுப்படுகையில் சேர்ந்த வண்டலை அள்ளுங்கள்; சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். கரையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓடைக்குள் வீட்டுச் சாக்கடை விழும் குழாய்களை மாணவர்கள் நடந்தே குறித்து வைத்திருக்கிறார்கள். முதலில் அடைக்க வேண்டியவை அவை. அதைச் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை.

ஆடிப் பட்டத்தில் மீண்டும் நட்டிருக்கிறோம். இந்த வருடம் இயந்திரம் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியனுப்ப வேண்டுகிறேன். எதுவரை அள்ளலாம் என்று மாணவர்களே கயிறு கட்டிக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கன்னங்குறிச்சி, சேலம்.