பான் திருகும் ஒரு வால்யூம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியின் வடிவமைப்பு குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, வால்யூம் என்பது ஒலியின் அளவு, பான் என்பது ஒலியின் இடம், இரண்டும் தனித்தனி வேலைகள் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. மிக்சரை மேடையோரம் வைத்து இயக்குபவருக்கு இவ்வளவு போதும். அதைச் செய்ய உட்காருபவருக்குப் போதாது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெடுங்காலமாக மைக் செட் வைத்துவருபவன், சிறிய மிக்சர்களை நானே கட்டிப் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பான் திருகைத் திருப்பும்போது இடது, வலது என்ற இரு வழிகளிலும் போகும் ஒலியின் அளவுதான் மாறுகிறது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்படி கோத்துவிட்ட இரட்டை வால்யூம் அது. ஓரங்களில் தகராறு இல்லை, நடுவில்தான் இருக்கிறது. சீராக ஏற்றி இறக்கினால் நடுவில் ஒவ்வொரு பக்கமும் பாதி, அதாவது டெசிபல் என்ற ஒலி அலகில் 6 டெசிபல் குறைவு. ஆற்றல் அந்த அளவின் வர்க்கமாக மாறுவதால், அப்போது இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ்களிலிருந்தும் மண்டபத்துக்குள் வந்து சேரும் ஆற்றல், ஓரத்தில் இருந்ததில் பாதிதான். பாடகரை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தால் குரல் 3 டெசிபல் அமுங்கிவிடும். திருகின் நிலையை ஒரு கோணமாகக் கொண்டு, ஏற்ற இறக்கத்தைச் சைன், கொசைன் கணக்கில் வைத்தால் நடுவில் பக்கத்துக்கு 0.707, அதாவது 3 டெசிபல் மட்டுமே குறைவு. பாடகரை எங்கே வைத்தாலும் மொத்த ஆற்றல் மாறாது. கட்டுரையாளர் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டு பாக்ஸ்களுக்கும் நடுவே உட்கார்ந்து கேட்பவருக்கு அது சரியே.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் அப்படி நடுவே உட்காருபவர் யார்? தெருநெடுகக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு இடது, வலது பிரிவில்லாத மோனோ ஆம்ப்ளிஃபயர்தான். இரு பக்கத்தையும் கூட்டி அதற்குக் கொடுத்தால் 0.707 இரண்டும் சேர்ந்து 1.414 ஆகி, நடுவில் வைத்த குரல் 3 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். கூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு வருஷம் நாயனத்தை வலது ஓரத்திலும் தவிலை இடது ஓரத்திலும் வைத்து, பந்தலுக்குள் அழகாகப் பிரிந்து கேட்கிறதென்று பூரித்துப்போய், தெருக் குழாய்களுக்கு இடது பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டேன். தேரடி டீக்கடைக்காரர் வேகமாக வந்து, "என்னண்ணே, நாயனக்காரர் இன்னும் வரலையா? தவில் மட்டும் அடிக்குது" என்றார். உள்ளே கல்யாணி ஆலாபனை பாதி முடிந்திருந்தது.

பந்தலுக்கும் தெருவுக்கும் ஒரே மிக்சர் என்ற நிலையில், நடுவில் 4.5 டெசிபல் குறையும்படி வைப்பதே உத்தமம் என்பது என் அனுபவம். பந்தலில் ஒன்றரை டெசிபல் குறையும், தெருவில் ஒன்றரை டெசிபல் கூடும். இரண்டையும் காது பொறுத்துக்கொள்ளும்.

கட்டுரையோடு வந்த சுற்றுப்படத்தில் 10 கிலோ ஓம் லீனியர் பாட்டின் (திருகினால் தடை சீராக மாறும் பொட்டென்ஷியோமீட்டரின்) நடுக்கால் எர்த்தில் இருக்க, இரு முனைகளுக்கும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒலி வருகிறது. நடுவில் 3 டெசிபல் குறைவது அந்த 6.8-ஆல்தான். அதை 22 ஆக்கினால் 4.5 டெசிபல் கிடைத்துவிடும். அதற்குப் பதிலாக ஓரத்திலேயே சுமார் 10 டெசிபல் போய்விடுவதால், கலக்கும் நிலையில் அதை ஈடுகட்ட வேண்டும். இதைவிடப் பெரிய குறை, இந்த அமைப்பை 100 கிலோ ஓம் வால்யூம் பாட்டின் நடுக்காலில் நேராக மாட்டியிருப்பது. பான் நடுவில் இருக்கும்போது வால்யூம் மீது விழும் பளு 5.9 கிலோ ஓம், ஓரத்தில் 4.8; ஓம் குறையக் குறையப் பளு கூடும். வால்யூம் பாட்டின் தடை சரிபாதியாகப் பிரியும் இடத்தில் நின்றால், வெற்று நடுக்காலில் இருந்திருக்க வேண்டிய அளவில் 14 டெசிபலுக்கு மேல் அந்தப் பளுவே விழுங்கிவிடும். போதாததற்கு, பானை ஓரத்துக்குத் தள்ளும்போது இன்னும் ஏறத்தாழ 1.4 டெசிபல் இறங்கும். ஒரு திருகைத் தொட்டால் மற்றதும் அசைகிறது. இடையில் டிஎல்072 என்ற இரட்டை ஆப்-ஆம்ப் ஐசியில் பாதியை, பளுவைத் தான் தாங்கிக்கொள்ளும் பஃபராகப் போட்டால் தீர்ந்தது. பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம்.

டிஜிட்டல் மிக்சரில் பளுப் பிரச்சினை இல்லை. வால்யூமை கொசைனால் பெருக்கி இடதுக்கு ஓர் எண், சைனால் பெருக்கி வலதுக்கு ஓர் எண் என்று திருகு அசையும்போது மட்டும் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், ஒலியின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் (மாதிரி எண்ணுக்கும்) மூன்று பெருக்கலுக்குப் பதில் இரண்டு போதும். ஆனால் கரகரப்பு வராமலிருக்க மாற்றத்தை மெல்ல நகர்த்தும்போது, கணக்கிட்டு முடித்த அந்த இரண்டு எண்களை நகர்த்தக் கூடாது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரேயடியாகத் தாவினால் அவை நடுவழியில் 0.5, 0.5 என்று நின்று, தவிர்க்க நினைத்த அதே 3 டெசிபல் பள்ளத்தில் விழும். கோணத்தையும் வால்யூமையும் நகர்த்திவிட்டுப் பிறகு பெருக்க வேண்டும்.

கீபோர்டு போல ஏற்கெனவே இரண்டு பக்கமாக வரும் ஒலிக்கு வேண்டியது பான் அல்ல, ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கத்தை மட்டும் குறைக்கும் பேலன்ஸ். அதில் நடுவில் எதையும் குறைக்கக் கூடாது.

சுற்றுப்படத்தைப் பார்த்து மாணவர்கள் யாரேனும் போர்டு அரிக்கத் தொடங்கும் முன், பஃபர் சேர்த்த படத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலி அமைப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.