ஆற்றுமுகத்தை எனக்குக் காட்டித் தந்தவர்களுக்கு

பரக்காணி, வைக்கல்லூர், இரயுமன்துறை, தேங்காய்ப்பட்டணம் ஊர்களின் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியின் பழைய நிலையைக் காட்டும் வரைபடம் முடிந்துவிட்டது. அதில் என் பெயர் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள கோடுகள் பெரும்பாலும் உங்களுடையவை.

பழைய பத்திரங்களைப் படித்துச் சொன்ன மலையாள ஆசிரியருக்கு என் முதல் நன்றி. 1956 நவம்பர் 1 வரை நம் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், மலையாளம் தெரியாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட நகர முடியாது. ஒரு தோப்பின் நான்கெல்லையில் ‘மேற்கே ஆறு’ என்று அவர் வாசித்தார். இன்று அந்தத் தோப்புக்கு மேற்கே வீடுகள்தான் இருக்கின்றன. ஆறு விலகிப்போன தடம் அந்த ஒரு வரியில் கிடைத்தது.

1816 முதல் 1820 வரை ஆங்கிலேய அதிகாரிகளான வார்டும் கானரும் திருவிதாங்கூரில் நடத்திய நில அளவையின்போது, கடலோரமாக வெட்டப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கிடையாது; அதன் வேலை 1860-இல்தான் தொடங்கியது. அதனால் அவர்கள் அளவையில் அதைத் தேட முடியாது. இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கும் அந்தக் கால்வாய் ஆற்றைத் தொட்ட இடத்தை, வள்ளத்தில் அழைத்துப்போய்க் கழியை ஊன்றிக் காட்டினார் இரயுமன்துறைத் தாத்தா. மேலே மணல், கீழே கறுத்த சேறு. கழி இறங்கிக்கொண்டே போனது.

கதம்பை (தேங்காய் மட்டை) அழுக்கிக் கயிறு திரித்த அம்மாமார்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! கோடையில் ஆற்றின் ஒழுக்கு குறையும்போது, ஓதம் (கடலின் ஏற்றம்) ஏறி உப்புநீர் உள்ளே வரும். அது எதுவரை வரும் என்பது எந்தப் பதிவேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கடவுவரை (ஆற்றுத் துறைவரை) சோறு பொங்கத் தண்ணீர் எடுத்தீர்கள், எங்கே கிணறு கரித்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னீர்கள். உப்பின் எல்லையை அதை வைத்துத்தான் வரைந்தேன். வரைபடத்தில் நான் மிகவும் மதிக்கும் கோடு அதுதான்.

மழைக்காலத்தில் பொழி (ஆற்றுமுகத்தை அடைக்கும் மணல்திட்டு) உடைந்த இடங்களை நினைவுகூர்ந்த மீனவ அண்ணன்மார்களுக்கும், வெயிலில் அளவு நாடா பிடித்த கல்லூரித் தம்பி தங்கையருக்கும், பழைய பதிவேடுகளைத் திறந்து காட்டிய பங்குப்பேரவையினருக்கும் ஜமாஅத்தாருக்கும் நன்றி.

ஒரே கடவுக்கு இக்கரையில் ஒரு பெயரும் அக்கரையில் வேறொரு பெயரும் வழங்குகின்றன. இரண்டையும் எழுதியிருக்கிறேன். விட்டுப்போன பெயர்கள் இருந்தால், நூலகத்தில் வைத்திருக்கும் படியில் பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன்.