விழுந்து கிடக்குற மரம் வேஸ்ட் இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஜெர்மனி ஹைனிச் பீச் மரக் காடு (கடற்கரை இல்ல, பீச்ங்கிறது ஒரு மரம்) பத்தின பயணக் கட்டுரை படிச்சேன், படமெல்லாம் சூப்பர், மர உச்சி நடைபாதை பத்தி எழுதினதும் நல்லா இருந்துச்சு. ஆனா கடைசியில இவ்ளோ மரம் கேட்பாரில்லாம மக்கிப்போகுதே, வித்தா காசாச்சேன்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதான் உறுத்துது. நானும் அதே துரிங்கியா மாநிலத்துலதான் வேலை பாக்குறேன், லீவு கிடைச்சா அந்தப் பக்கம் போறவன், அதனால எழுதுறேன்.

கேட்க ஆள் இல்லாம ஒண்ணும் கிடக்கல, தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் விட்டிருக்காங்க. 1997 கடைசியில தேசியப் பூங்கா ஆச்சு, சுமார் 7,500 ஹெக்டேர், 2011ல அதுல ஒரு பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கும் போச்சு. அதுக்கு முன்னாடி பல வருஷம் அங்க ராணுவப் பயிற்சிதான், ரெண்டாம் உலகப்போருக்கு முன்னாடியே ஆரம்பிச்சு அப்புறம் சோவியத் படை, கிழக்கு ஜெர்மனி படைன்னு ஓடுச்சு, ஒரு பக்கம் டாங்கி ஓட்ட காட்டை அழிச்சாங்க, இன்னொரு பக்கம் யாரும் உள்ள போக முடியாததால பழைய பீச் தப்பிச்சு நின்னுடுச்சு. (மனுஷன் கால் படாத காடுன்னு போட்டிருந்தீங்களே, அதுவும் சரியில்ல.)

இப்ப மக்கிப்போற மரத்துக்கு வருவோம். செத்த பீச்ல குதிரைக் குளம்பு மாதிரி சாம்பல் கலர்ல ஒரு காளான் ஒட்டிட்டு இருக்கும், அதோட அடிப்பக்கம் எப்பவும் தரையைப் பாத்துதான் இருக்கும். மரம் சாஞ்சுட்டா அதுக்கப்புறம் வளர்றது திரும்பவும் தரையைப் பாத்து வளரும், அதனால கிடக்குற கட்டையைப் பாத்தே மரம் நின்னப்ப வந்த காளான் எது, விழுந்த பிறகு வந்தது எதுன்னு சொல்லிடலாம். காளான் கட்டையை இளக்கிடும், வண்டுப் புழு உள்ள போகும், புழுவைத் தேடி மரங்கொத்தி வரும். காக்கா சைஸ்ல, உச்சந்தலையில செவப்போட கருப்பு மரங்கொத்தி ஒண்ணு இருக்கு, அது குடைஞ்சு விட்டுட்டுப் போன பொந்துல காட்டுப்புறாவோ வவ்வாலோ குடிவந்துடும். காட்டுப்பூனை குட்டி போடறதும் உள்ள பொந்தாப் போன மரம், விழுந்த மரத்து வேர்ச்சந்து இந்த மாதிரி இடத்துலதான். வீட்டுப்பூனை மாதிரியேதான் தெரியும், ஆனா வால் தடியா, கருப்பு வளையத்தோட, நுனி கூரா இல்லாம மழுங்கி இருக்கும். நான் பாத்தது பக்கத்து ஹுட்ஷெரோடா ஊர்ல அடைப்புக்குள்ளதான், காட்டுல இன்னும் கண்ணுல படல, அது பகல்ல அவ்ளோ சுலபமா வெளிய வராது. இதையெல்லாம் லாரியில ஏத்தி வித்துட்டு அப்புறம் என்ன பாக்க டிக்கெட் எடுத்துப் போறது?

கவலைப்படணும்னா வேற விஷயம் இருக்கு. 2018ல இருந்து அடுத்தடுத்து வந்த வறட்சியில பெரிய பீச் நிறைய உச்சியில இருந்து காய ஆரம்பிச்சுடுச்சு, ஈரப்பசை தேடற மரம் அது. கட்டுரையில அதைப் பத்தி ஒரு வரி கூட காணோம், அடுத்த இதழ்லயாவது எழுதச் சொல்லுங்க. கூடவே, அங்க போற நம்ம ஆளுங்களுக்கு இதையும் போடுங்க, காத்து பலமா அடிக்கிற நாள்ல காட்டுக்குள்ள போகாதீங்க, காஞ்ச கிளை சொல்லாம கொள்ளாம விழும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
துரிங்கியா, ஜெர்மனி