எங்கள் பதிவுகளை ஐடியோடு திருப்பித் தாருங்கள்

ஆறு வருடம் நாங்கள் பயன்படுத்திய இணையத் தரவுத்தள சேவையை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கணக்கை மூடியபோது 'ஏன் போகிறீர்கள்' என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. அதில் கொடுத்திருந்த சின்னக் கட்டத்துக்குள் இது அடங்காது என்பதால் தனியே எழுதுகிறேன். போன காரணம் உங்களுக்கே தெரியும், பதிவுகளுக்கு நீங்கள் வைத்த வரம்பும் ஆளுக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போன கட்டணமும்தான். அது உங்கள் தொழில், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் வெளியே வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுடையது ஒரு நூல் பட்டியல். நூல்கள், ஆசிரியர்கள், இரவல் என்று மூன்று டேபிள், மூன்றும் ஒன்றோடொன்று லிங்க் ஆனவை. உங்கள் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் டேபிளுக்கு ஒன்றாக சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு, வருகிறது, நூலுக்கு நேரே ஆசிரியரின் பெயர் வெறும் எழுத்தாக நிற்கிறது. அது எந்தப் பதிவைக் குறிக்கிறது என்று காட்டும் ஐடி, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளக் குறி, கிடையாது. எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் உண்டு, ஒருவர் இலக்கண நூல்கள் எழுதியவர், மற்றவர் சிறுவர் கதைகள் எழுதியவர். உங்கள் திரையில் அவர்கள் இரண்டு பேர். கோப்பில் ஒரே ஆள். நாங்கள் மாறிப்போன புதிய கருவி அந்தப் பெயரைக் கண்டதும் எல்லா நூல்களையும் இலக்கணக்காரரின் தலையில் கட்டிவிட்டது, அதைக் குறை சொல்லவும் முடியாது, அதற்குக் கிடைத்தது அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நூல்களில் பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி வருகிறது, நாங்களோ சில பெயர்களைப் பட்டத்தோடு காற்புள்ளி போட்டு எழுதியிருந்தோம். கடைசியில் 'முனைவர்' என்ற பெயரில் ஒரு ஆசிரியர் புதிதாக முளைத்து, அவர் பேரில் இருபதுக்கு மேல் நூல்கள் சேர்ந்திருந்தன. பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்த, பதினோரு இரவு உட்கார்ந்தோம்.

அட்டைப் படங்களுக்கும் இணைய முகவரியாக ஒரு லிங்க் மட்டுமே வந்தது, அதுவும் சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது. ஃபார்முலா வரவில்லை, அன்றைய விடை மட்டும் வந்தது.

உதவிக் குழுவினர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள், ஐடி வேண்டுமென்றால் ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதித் தரவைக் கேட்டு வாங்கும் வழியில், எடுக்கலாம் என்று. நிரல் எழுதத் தெரியாதவர்களும் தரவுத்தளம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தானே எங்களைச் சேர்த்தீர்கள்? உள்ளே ஐடி இருக்கிறது, ஏபிஐயில் தரவும் முடிகிறது, அப்படியானால் பட்டனில் ஏன் தரக்கூடாது? கேட்பது இதைத்தான்: எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு பதிவும் தன் ஐடியோடும், லிங்க் ஆன பதிவுகளின் ஐடியோடும் வரவேண்டும்.

கணினி அறிஞர் எட்கர் காட் ரிலேஷனல் தரவுத்தளம், அதாவது ஒன்றோடொன்று இணைந்த டேபிள்களால் ஆன தரவுத்தளம், பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1970இல். ஒரு பதிவை இன்னொரு பதிவோடு சாவி வைத்து இணைப்பது அன்றிலிருந்து இந்தத் துறையின் அரிச்சுவடி, அந்தச் சாவியை வாசலில் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதை எக்ஸ்போர்ட் என்று எப்படிச் சொல்வது? ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிப்பட்ட தரவை இயந்திரம் படிக்கும் வடிவில் திரும்பப் பெறும் உரிமை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது, கிளவுட் சேவையை மாற்றுகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்ற சட்டமும் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. சட்டம் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமா? நீங்கள் மட்டுமல்ல, இந்தத் துறையில் பலரும் இப்படித்தான், உள்ளே இழுக்கும் இம்போர்ட் வசதியை வருடா வருடம் மெருகேற்றுகிறார்கள், எக்ஸ்போர்ட் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆறு வருடம் தட்டச்சு செய்தது எங்கள் கைகள்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவி நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்றால் ஆறு வருடம் இருந்திருக்க மாட்டோம். தயவுசெய்து எக்ஸ்போர்ட்டில் ஐடியைச் சேருங்கள், படங்களை லிங்காக இல்லாமல் கோப்பாகவே கட்டிக் கொடுங்கள்.

மூடிய கணக்கு முப்பது நாள் அழியாமல் இருக்கும் என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. இரவல் டேபிளை நாங்கள் இன்னும் சரிபார்த்து முடிக்கவில்லை. அதற்குள் அந்த ஒரு டேபிளை மட்டுமாவது ஐடிகளோடு அனுப்ப முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்