தங்கம் தேடிப் போன தடமும் நம் தொண்டி சாலையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கலிஃபோர்னியா தங்க வேட்டைக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் வண்டிக் கூட்டத்தைப் பூர்வகுடிகள் சுற்றி வளைத்துத் தாக்கியதைப் பத்தி பத்தியாக எழுதிய கட்டுரையாளர், அந்த வழியில் போனவர்களை உண்மையில் கொன்றது எது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் சாலை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் குடும்பம் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் இருப்பதால் அந்தத் தடத்தின் கடைசிப் பகுதியை நேரில் பார்க்கவும் வாய்த்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

1848 ஜனவரி 24 அன்று கலிஃபோர்னியாவில் அமெரிக்கன் என்னும் பெயருள்ள ஆற்றின் கரையில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டெடுத்தார். அந்த டிசம்பரில் ஜனாதிபதி போல்க் செய்தியை உறுதி செய்தபிறகு நாடே கிளம்பிவிட்டது. கையில் காசு இருந்தவர்கள் கப்பலேறினார்கள். மாடும் வண்டியும் வைத்திருந்த உள்நாட்டு விவசாயிகள் மிசௌரி ஆற்றங்கரையில் கூடித் தரைவழியே புறப்பட்டார்கள். 1849இல் மட்டும் 25,000 பேருக்கு மேல் போனார்கள், அடுத்த ஆண்டு அதைவிட அதிகம். தூரம் சுமார் 3,200 கிலோமீட்டர். மதுரையிலிருந்து தில்லியையும் தாண்டிப் போகும் தூரம் அது. அதை நான்கைந்து மாதம் நடந்தே கடந்தார்கள். ஆமாம், நடந்துதான். வண்டியில் மாவும் உப்புக்கண்டமும் சட்டிபானையும் ஏறிவிட்டால் ஆள் உட்கார இடமிருக்காது. மாட்டுக்கும் பாரம் கூடும்.

சாலை வேலை பார்த்தவன் கண்ணுக்கு அந்தத் தடம் முழுக்கத் தண்ணீர் பார்த்துப் போட்ட வழியாகத்தான் தெரிகிறது. பிளாட் ஆற்றை ஒட்டி மேற்கே போவது, அது விடுகிற இடத்தில் ஸ்வீட்வாட்டர் ஆற்றைப் பிடிப்பது, சவுத் பாஸ் கணவாயில் ராக்கி மலையைத் தாண்டுவது. 7,400 அடி உயரத்தில் இருந்தாலும் அங்கே சரிவு அவ்வளவு மெதுவாக ஏறுகிறது. கணவாயைத் தாண்டியதே தெரியாமல் போனவர்கள் ஏராளம். மாட்டு வண்டிக்கு இதைவிட நல்ல ஏற்றம் அமையாது. அங்கிருந்து இன்னும் பல வாரம் போய், நெவாடாவில் ஹம்போல்ட் ஆறு. போகப் போக அதன் தண்ணீர் உப்புக் கரித்து, கடைசியில் ஆறே மணலுக்குள் வற்றிப் போகும். அதற்கப்புறம் நாற்பது மைல் பாலைவனம், சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்தார்கள். அந்த ஒரு நீட்டத்தில் செத்து விழுந்த மாடும் குதிரையும் ஆயிரக்கணக்கில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாடு பட்டினி, தாமதித்தால் கலிஃபோர்னியா எல்லையிலுள்ள சியரா நெவாடா மலையில் பனி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பயணம் முழுவதும். தங்கம் கிடைப்பதற்கு முன்பே, 1846இல், டோனர் குடும்பத்தார் கூட்டம் குறுக்கு வழியை நம்பிப் போனது. அதைப் பரிந்துரைத்தவர் தான் போய்ப் பார்க்கும் முன்பே வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சிட்டுவிட்டார். அதில் போய்ப் பல நாட்களை இழந்து, மலையில் பனி மூடி, எண்பதுக்கும் மேற்பட்டவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மாண்டார்கள். போய்ப் பார்க்காத வழியை ஊருக்குச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று இன்று அவர்கள் பெயரால் டோனர் கணவாய் எனப்படும் அந்த இடத்தில் நின்றபோது நினைத்தேன். கொடைக்கானல் உயரம்தான், சுமார் 7,000 அடி. ஆனால் பாறை செங்குத்தாக நிற்கிறது. ஒரே வண்டிக்குப் பல ஜோடி மாடுகளைப் பூட்டி, மேலே மரத்தில் சங்கிலி கட்டி இழுத்திருக்கிறார்கள்.

சரி, சாவுக்கு வருகிறேன். 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கையால் இறந்த பயணிகள் 400 பேருக்கும் குறைவு என்றும், பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் அதைவிட அதிகம் என்றும் அங்குள்ள ஆய்வாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். உண்மையில் ஆளைக் கொன்றது காலரா. 1848 கடைசியில் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்து, நீராவிப் படகுகளில் மிசிசிப்பி வழியாக மேலேறி, பயணிகள் கூடிய துறைகளுக்கே வந்து சேர்ந்தது. பிளாட் ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் தங்கிய அதே இடத்தில் அடுத்த கூட்டமும் தங்கும். பக்கத்திலேயே கழிவு, பக்கத்திலேயே ஆழமில்லாத ஊற்றுக் குழி. காலையில் வண்டி ஓட்டியவன் மாலையில் குழிக்குள் போனான். லாரமி கோட்டையைத் தாண்டி மேட்டு நிலத்துக்கு ஏறிய பிறகுதான் நோய் குறைந்தது.

இன்னொன்றும் கட்டுரையில் விட்டுப்போனது. அது யாருடைய நிலம்? டிரக்கி ஆறு என்று இன்று சொல்கிறார்களே, 1844இல் சியராவை வண்டியோடு முதலில் தாண்டிய கூட்டத்துக்கு அந்த ஆற்று வழியைக் காட்டியவர் பையூட் என்னும் பூர்வகுடிக் குலத்தின் தலைவர். நன்றிக்காக அவர் பெயரையே ஆற்றுக்கு வைத்தார்கள். அப்புறம் வந்தவர்களின் மாடுகள் அந்த மக்களுடைய ஆற்றங்கரைப் புல்லையெல்லாம் தின்று தீர்த்தன. 1851இல் லாரமி கோட்டையில் பல குலத்தாரைக் கூட்டிப் பாதைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள், 50 ஆண்டுகளுக்கு என்று பேச்சு. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட் அதைப் பத்து ஆண்டாக வெட்டியது. நில எடுப்பு இழப்பீட்டுக்கு அலைந்த விவசாயிகளை என் வேலைக் காலம் முழுக்கப் பார்த்தவன் நான். இதைப் படித்தபோது மனசு பொறுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1848இல் ஒன்றரை லட்சம் அளவில் இருந்த பூர்வகுடிகள் 1870க்குள் சுமார் 30,000 ஆகிவிட்டார்கள். தங்க வேட்டை என்று எழுதும்போது இதையும் எழுத வேண்டும்.

ஆனால் அமெரிக்கர்கள் ஒன்றை நன்றாகச் செய்திருக்கிறார்கள். அந்தத் தடத்தை அழியவிடவில்லை. வயோமிங்கில் குவர்ன்சி ஊருக்குப் பக்கத்தில் பாறையில் ஐந்தடி ஆழம் வரை வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளத்தை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். 1992இல் கலிஃபோர்னியா தடத்தைத் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தார்கள். டோனர் கணவாய்ப் பக்கம் தன்னார்வலர்கள் பழைய தண்டவாளத் துண்டுகளைப் பற்றவைத்து நட்டு, அந்த இடத்தைக் கடந்தவர் நாட்குறிப்பில் எழுதிய வரிகளைத் தகட்டில் பதித்திருக்கிறார்கள்.

இப்போது நம் பக்கம் பாருங்கள். அவர்கள் பிளாட் ஆற்றங்கரையில் நடந்த அதே ஆண்டுகளில் மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை மக்கள் கூலிக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியின் பின்னால் தொண்டிக்கும் பாம்பனுக்கும் நடந்தார்கள். தோணியேறி இலங்கையின் மன்னாரில் இறங்கி, காட்டுக்குள் மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். அவர்கள் போனது தங்கத்துக்கு இல்லை, காபித் தோட்டக் கூலிக்கு. காபி பறித்து முடிந்ததும் பலர் அதே வழியில் திரும்பி நடந்தார்கள். அங்கேயும் ஆளைத் தின்றது காலராவும் காய்ச்சலும் தாகமும்தான். என் அப்பத்தாவின் தாத்தா அப்படிக் கண்டிக்குப் போனவர். மன்னார்க் காட்டில் காய்ச்சலில் விழுந்த தம்பியை மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் நடந்தாராம். கங்காணி நிற்க விடவில்லை. அப்பத்தா அதைச் சொல்லும்போதெல்லாம் அழும்.

நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு அவர்களுக்குப் படிப்பில்லை. அதனால் தகடு இல்லை, கல் இல்லை. மதுரையிலிருந்து பூவந்தி, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டி போகிற சாலையில் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் போகிறோம். தலைச்சுமையை இறக்கி வைக்கப் போட்டிருந்த சுமைதாங்கிக் கற்கள் பல, சாலையை அகலப்படுத்தியபோது பெயர்ந்து காணாமல் போயின. பிடுங்கிப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகங்கள் பெரிய செலவு செய்ய வேண்டாம். தொண்டிக் கடற்கரையில் ஒன்று, மண்டபம் கேம்ப்பில் ஒன்று, திருவாடானை, காளையார்கோவில் சாலையோரத்தில் ஒவ்வொன்று என்று எழுத்து வெட்டிய கல் நட்டால் போதும். உங்கள் நாளிதழும் ஒரு பக்கம் ஒதுக்கி, கண்டிக்குப் போனவர்கள் குடும்பத்தில் இருக்கும் பழைய கடுதாசி, கங்காணியின் கணக்குச் சீட்டு, பாட்டிமார் சொன்ன கதை எல்லாவற்றையும் வாசகர்களிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். மதுரை–தொண்டி சாலையில் பழைய ஊருணி, சத்திரம், சுமைதாங்கி எந்தெந்த இடத்தில் இருந்தன என்று வேலையில் இருந்தபோது நான் எழுதி வைத்த குறிப்பு நோட்டு இருக்கிறது. கேட்டால் நகல் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்,
மேலூர், மதுரை மாவட்டம்.